கிறுக்குக் கோபுரத்துக்குத் தண்ணீர் வந்த கதை

பெல்லர் குன்று, எல்மர்டன்
9 பிப்ரவரி 1975

நெஸ்டாவுக்கு,

பெரில்தான் உன் விலாசத்தைக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "அம்மாவுக்கு எழுதறதுன்னா ஒழுங்கா எழுதுங்கப்பா, ஆட்டுச் சந்தைக்காரனுக்கு எழுதற மாதிரி ரெண்டு வரியில முடிச்சிடாதீங்க" என்று புத்தி சொன்னாள். கோவென்ட்ரிக்குக் கட்டிக்கொடுத்த பிறகு நம் மகளுக்கு வாய் நீண்டுவிட்டது. பதினான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அதனால் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

கோபுரத்தை மியூசியம் ஆக்குகிறார்கள். பண்ணையார் குடும்பம் குன்றையும் கோபுரத்தையும் ஒரு பாதுகாப்புச் சங்கத்துக்கு விற்றுவிட்டது. சங்கத்தின் தலைவர் கேப்டன் ரேவன்ஹில் என்பவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசை ஓய்வு பெறவில்லை. பொருள்களை எல்லாம் சேர்த்து அடுக்கிவைக்க பிரிஸ்டலிலிருந்து மிஸ் ஸ்ட்ராங் என்று ஒரு சின்னப் பெண் வந்திருக்கிறாள். ஆடுகளை விற்றுவிட்டேன். என்னைக் காவலாளாகவும் வழிகாட்டியாகவும் வைத்துக்கொண்டு, கீழ் அறையில் படுத்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள்.

கீழ்த்தளம் கோபுரத்தைக் கட்டிய சர் எட்மண்ட் லிட்கோட்டுக்கு. உச்சித்தளம் யுத்தத்தில் கூரைமேல் உட்கார்ந்து எதிரி விமானம் எண்ணியவர்களுக்கு. நடுத்தளம் நமக்கு. ஆமாம், நமக்குத்தான். 'கோபுரத்தில் ஒரு குடும்பம்' என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். நம் சமையலறையை 1950இல் இருந்தபடியே காட்டவேண்டுமாம்.

மிஸ் ஸ்ட்ராங் நோட்டும் பென்சிலுமாக நின்று, "மேசை எங்க இருந்துச்சு மிஸ்டர் பார்டோ?" என்று கேட்டாள். நான் அறை நடுவில் நின்று முழித்தேன். நீ போன பிறகு எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளிவிட்டேன். முப்பத்தேழு வருஷமாக அங்கே குடியிருப்பவனுக்கு மேசை எங்கே இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். எழுதுவாயா?

இன்னொன்று. இனிமேல் யாரும் ஊர் வைத்த பேரில் 'கிறுக்குக் கோபுரம்' என்று சொல்லக்கூடாதாம். லிட்கோட் கோபுரம் என்றுதான் சொல்லவேண்டும் என்று கேப்டன் ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். பின்வரிசையிலிருந்து வேன்காரன் டாலி, "பேர மாத்திட்டா கிறுக்கு தெளிஞ்சிடுமா?" என்று கேட்டான். கூட்டம் அதோடு கலைந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அக்கா ஒல்வென்னை விசாரித்ததாகச் சொல்.

ஆமோஸ்

*

லான்வெர்ன், ராட்னர்
20 பிப்ரவரி 1975

ஆமோஸுக்கு,

உன் கடிதம் வந்தபோது பள்ளிக்கூடச் சமையலறையில் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தேன். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்தேன். செத்தவன் எப்படி விலாசம் எழுதுவான் என்று அப்புறம்தான் உறைத்தது. ஒல்வென் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மேசை தெற்கு ஜன்னலுக்குக் கீழே. வடக்குப் பக்கம் இருப்பது ஜன்னலே இல்லை, வெளிச்சுவரில் வரைந்த பொய் ஜன்னல் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? வெளியிலிருந்து பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வரைந்தார்கள். பெரில் சின்னக் குழந்தையாக இருந்தபோது கீழே நின்று அதைத் திறக்கச் சொல்லி அழுவாள். அடுப்பு இருந்த இடத்தில்தான் இருக்கும், அதை நகர்த்த பூதம் வரவேண்டும். அடுப்புக்கு இடப்பக்கம் உன் நாற்காலி. வலப்பக்கம் என் நாற்காலி என்று அந்தப் பெண் எழுதிக்கொள்வாள், எழுதவிடாதே. எனக்கு நாற்காலி கிடையாது, முக்காலி. நான் உட்கார்ந்த நேரத்துக்கு அதுவே அதிகம்.

அடுத்து சட்டியும் தட்டும் கேட்பாய், அனுப்பமாட்டேன். அதில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சர் எட்மண்ட் கதையை என்னவென்று சொல்லப்போகிறாய்? அவர் மனைவி அகஸ்டா சீமாட்டிக்குத் தாய்வீட்டுப் புகைபோக்கி தெரியவேண்டும் என்று ஆசையாகக் கட்டினார், அதுதானே? நான் அந்தக் கதையை வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. பெண்டாட்டிக்குத் தாய்வீட்டு நினைப்பு வந்தால் வண்டி கட்டி அனுப்பிவைக்கிறதுதானே. மூன்று வருஷம் கல் சுமக்கவைத்துக் கோபுரம் கட்டினானாம் மகாராசன்.

உச்சியில் நின்றால் பதின்மூன்று மாவட்டம் தெரியும் என்று நீ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாயா? பன்னிரண்டுதான். பதின்மூன்றாவது என்று நீ விரலை நீட்டியது மேகம்.

எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது. முழங்கால் வலி. மற்றபடி சுகம்.

நெஸ்டா

*

பெல்லர் குன்று
23 மார்ச் 1975

அன்புள்ள நெஸ்டா,

மேசை தெற்கு ஜன்னலுக்குக் கீழே போய்விட்டது. போட்டவுடனே அறைக்கு உயிர் வந்துவிட்டது. முக்காலியை நிலவறையில் தேடிக் கண்டுபிடித்தேன், ஒரு கால் ஆடுகிறது. ஒட்டவைத்துவிட்டேன். மிஸ் ஸ்ட்ராங் உன் கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டச் சொன்னாள். முழுதும் படித்துக் காட்டினேன். முட்டைக்கோசு வரும் இடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரை ஏறிவிட்டது.

மாவட்டக் கணக்கைப் பற்றி நீ இப்படிச் சொல்வாய் என்று தெரியும். நடந்ததைக் கேள். கேப்டன் பித்தளைத் தகட்டில் 'இங்கிருந்து பதின்மூன்று மாவட்டங்கள் தெரியும்' என்று வெட்டவைத்துக் கொண்டுவந்து கூரைச்சுவரில் பதித்துவிட்டார். திருகாணி முடுக்கி முடித்த பிறகு மிஸ் ஸ்ட்ராங் மெதுவாகச் சொன்னாள்: "கேப்டன், போன வருஷம் சர்க்கார் மாவட்டங்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துட்டாங்களே. ஹெரிஃபோர்டும் வூஸ்டரும் இப்ப ஒண்ணு. ராட்னர், ப்ரெகன், மான்ட்கமரி மூணும் இப்ப போயிஸ்." கேப்டன் விரல் விட்டு எண்ணினார். பத்துதான் வந்தது. "மலை எங்கயும் போகலையே, தெரியறது தெரியுதுதானே" என்று சத்தம் போட்டார். தகடு அப்படியே இருக்கிறது. ஆகவே நீ சொன்ன பன்னிரண்டும் தப்பு, நான் சொன்ன பதின்மூன்றும் தப்பு. ஆயுளில் ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து தோற்றிருக்கிறோம்.

அகஸ்டா சீமாட்டி விஷயத்தில் நீ நினைத்ததுதான் சரி. மிஸ் ஸ்ட்ராங் பழைய கடிதக்கட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒரு தடவைகூடக் கோபுரத்தில் ஏறவே இல்லையாம். 'என் கணவர் குன்றின்மேல் ஏதோ கட்டிக்கொண்டிருப்பதாகத் தோட்டக்காரன் சொல்லித் தெரிந்துகொண்டேன்' என்று தங்கைக்கு எழுதியிருக்கிறாள். கேப்டன் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜனங்களுக்குக் காதல் கதைதான் பிடிக்குமாம்.

திறப்பு விழா மே 26, திங்கட்கிழமை. நீ வந்தால் எல்மர்டன் பஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். வராவிட்டாலும் நிற்பேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன் முழங்காலுக்கு ஏதாவது தைலம் போடுகிறாயா?

அன்புடன்
ஆமோஸ்

*

லான்வெர்ன்
14 ஜூன் 1975

ஆமோஸ்,

திறப்பு விழாவுக்கு வரவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை வந்தேன். எங்கள் ஊர் மாதர் சங்கம் கோடைச் சுற்றுலாவுக்கு உன் கோபுரத்தைத்தான் பிடித்தது. வியாழன் உனக்கு லீவு என்று பெரில் சொல்லியிருந்தாள். தெரிந்தேதான் வந்தேன். உன்னைப் பார்க்காமல் கோபுரத்தை மட்டும் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

முப்பத்திரண்டு பொம்பளைகளோடு வரிசையில் நின்று என் சொந்தச் சமையலறைக்குள் நுழைந்தேன். வாசலில் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கவேண்டும். மேசை சரியாக இருந்தது. முக்காலி சரியாக இருந்தது. கண் கலங்கிவிட்டது என்பதை உன்னிடம் மறைப்பானேன். பக்கத்தில் நின்ற மிஸஸ் பெவன், "எவ்ளோ அழகா வாழ்ந்திருக்காங்க பாருங்க" என்றாள்.

அப்புறம் சுவரைப் பார்த்தேன்.

என் தோள்கட்டை. இரண்டு பக்கமும் சங்கிலி தொங்க, வாளிகளோடு மாட்டியிருக்கிறது. கீழே அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். 'பால்காரிகள் பால் சுமந்த தோள்கட்டை. சுமார் 1850.'

அது 1938இல் உன் அப்பா செதுக்கியது ஆமோஸ். கல்யாணப் பரிசு என்று என் கையில் கொடுத்தார். இடது தோளில் அழுத்துகிறதென்று என் நீலக் கோட்டின் கையை வெட்டி நான் அதில் மெத்தை தைத்தேன். அந்த நீலத் துணி இப்போதும் அதில் இருக்கிறது. அதைச் சுமந்து குன்றடி ஊற்றுக்குப் போய் வந்தேன், ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஊற்றிலிருந்து வாசல் வரைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு அடி ஏற்றம், அதற்கு மேல் நாற்பத்திரண்டு படி. பெரில் வயிற்றில் இருந்தபோதும் போனேன். யுத்தத்தில் கூரைமேல் உட்கார்ந்து விமானம் எண்ணினார்களே, அவர்கள் குடித்த டீக்கும் நான்தான் தண்ணீர் தூக்கினேன். அவர்கள் பெயரெல்லாம் உச்சித்தளத்தில் பலகையில் இருக்கிறது.

வெளியே வந்தால் புதுக் கழிப்பறை. சங்கிலியை இழுத்தேன், தண்ணீர் கொட்டியது. கை கழுவும் இடத்தில் குழாய். திறந்துவிட்டு அப்படியே நின்றேன். "எப்போ குழாய் போட்டாங்க?" என்று டீ கொடுக்கிற பெண்ணைக் கேட்டேன். "ஆறே வாரத்துல போட்டுட்டாங்க, மெஷின் வந்து ஒரே இழுவையா தோண்டிடுச்சு" என்றாள். இருபத்து மூன்று வருஷமாக எனக்கு ஏறாத தண்ணீர், பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஆறு வாரத்தில் ஏறிவிட்டது.

1961இல் என்ன நடந்தது என்று நாம் ஒரு நாளும் பேசவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். டாலி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு வருஷமா சொல்லணும்னு நெனைச்சுக்கிட்டே இருக்கேன். 55ல உங்க வீட்டுக்காரர் அந்தப் புது வீடு வேணாம்னு எழுதிக் கொடுத்ததாலதான் எங்களுக்குக் கிடைச்சுது. சமையலறையிலேயே குழாய். புண்ணியமாப் போகும் உங்களுக்கு" என்றாள். பஞ்சாயத்து நமக்கு வீடு ஒதுக்கியது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வீட்டுக்கு வந்து சோப்பை மேசைமேல் வைத்தேன். கடைசியாக இரண்டு வாளி தண்ணீர் நிரப்பி வைத்தேன். "டாலி பெண்டாட்டி உனக்கு நன்றி சொல்லச் சொன்னா" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

தண்ணீர் சுமந்ததற்காக நான் போகவில்லை. காரணத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் இன்னும் பத்து வருஷம் சுமந்திருப்பேன். அது உனக்கே தெரியும். ஆறு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து, நான் கொண்டுவந்த தண்ணீரில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, நீ மூச்சுவிடவில்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

இப்போது பால்காரி என்று வேறு எழுதிவைத்திருக்கிறாய்.

நெஸ்டா

*

பெல்லர் குன்று
29 ஜூன் 1975

நெஸ்டா,

இரண்டு வாரமாக உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பூசி மெழுக மாட்டேன்.

தோள்கட்டையைக் கையில் எடுத்து மிஸ் ஸ்ட்ராங் கேட்டாள்: "இது பால் சுமக்கறதுக்குத்தானே மிஸ்டர் பார்டோ?" நான், "ஆமா" என்றேன். அவ்வளவுதான். அவள் எழுதிக்கொண்டாள். தண்ணீருக்கு என்று சொன்னால் யார் சுமந்தது என்று கேட்பாள். யார் என்று சொன்னால், கீழே வீடு கிடைக்கவில்லையா என்று கேட்பாள். அவள் கெட்டிக்காரப் பெண், கட்டாயம் கேட்பாள். அதனால் ஒரு 'ஆமா' சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உன் நீலத் துணியை என் விரல் தொட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

ஐம்பத்தைந்திலும் அதே கதைதான். பஞ்சாயத்துக் கடிதம் வந்த அன்று நீ ஊற்றுக்குப் போயிருந்தாய். ஜன்னலில் நின்றுகொண்டுதான் படித்தேன். நீ குன்றில் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே படித்தேன். பாதி வழியில் வாளிகளை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டாய். அப்படியிருந்தும் வேண்டாம் என்று எழுதினேன்.

ஏன் என்று சொல்கிறேன். நீ சிரித்தாலும் சரி. கீழே போனால் நான் பார்டோ, பண்ணைக் கூலி, வரிசையில் மூன்றாவது வீடு. மேலே நான் கோபுரத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் பர்மிங்ஹாமிலிருந்து வந்து ஏறுகிற துரைமார்கள்கூட, "கோபுரத்துக்காரரே, மேலே போய்ப் பார்க்கலாமா?" என்று என்னிடம் தொப்பியைக் கழற்றிக் கேட்பார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து எல்லோருக்கும் தொப்பியைக் கழற்றியவன் நான். அதை விட மனசு வரவில்லை. என் தலைக்கு அந்த மரியாதை கிடைக்க உன் தோளில் கட்டையை விட்டுவைத்தேன்.

உன்னிடம் ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இதைவிடக் கேவலமான காரணம் என்னிடம் இல்லை. இருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

நேற்று மிஸ் ஸ்ட்ராங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "முதல்லேயிருந்து சொல்லுங்க" என்றாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். அப்புறம் இருவருமாகக் கேப்டனிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு, "குடும்பத்துச் சண்டைய எல்லாம் சுவத்துல மாட்ட முடியுமாய்யா? வர்றவங்க பிள்ளைகுட்டியோட சந்தோஷமா வர்றாங்க" என்றார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. நான் இத்தனை காலம் செய்ததைத்தான் அவரும் செய்யச் சொல்கிறார்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் ஏதாவது செய்வேன்.

ஆமோஸ்

*

எல்மர்டன்
20 ஜூலை 1975

அன்புள்ள நெஸ்டா,

நீ பதில் எழுதவில்லை. எழுதாதது சரிதான்.

பழைய அட்டையை எடுத்துவிட்டேன். புது அட்டையை என் கையாலேயே எழுதி மாட்டினேன். மிஸ் ஸ்ட்ராங் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினாள். அது இதுதான்:

'நெஸ்டா பார்டோ தண்ணீர் சுமந்த தோள்கட்டை. 1938 முதல் 1961 வரை, ஒரு நாளைக்கு ஆறு முறை. 1955இல் கீழே ஊரில் குழாய் உள்ள வீடு இவர்களுக்குக் கிடைத்தது. கணவன் அவளைக் கேட்காமலே வேண்டாம் என்று எழுதிவிட்டான். அந்தக் கணவன்தான் இந்த மியூசியத்தின் வழிகாட்டி. ஆமோஸ் பார்டோ.'

கேப்டன் கழற்றினார். நான் மறுபடி எழுதி மாட்டினேன். மூன்று தடவை இப்படி நடந்தது. நான்காவது தடவை அவர் கழற்ற வந்தபோது அட்டைக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்று படித்துக்கொண்டிருந்தார். அவர் படித்து முடிக்கட்டும் என்று கேப்டன் மரியாதைக்காகக் காத்து நின்றார். அந்த அம்மாள் திரும்பி, "நீங்கதானா அது?" என்று கேப்டனைக் கேட்டுவிட்டார். நான் முன்னால் போய், "நான்தாம்மா அது" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதியாவது வெச்சீங்களே" என்று சொல்லிவிட்டு உச்சிக்கு ஏறிப் போனார். கேப்டன் கீழே இறங்கிவிட்டார். அட்டை அப்படியே இருக்கிறது. இப்போது எல்லோரும் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள். சர் எட்மண்ட் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பெரிய செய்தி இனிமேல்தான். கோபுரத்தை விட்டு இறங்கிவிட்டேன். சர்ச் தெருவில் கடைசி வீடு காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். சமையலறையில் குழாய், குளியலறையில் இரண்டு குழாய், ஒன்றில் வெந்நீர். படிக்கட்டு கிடையாது, எல்லாம் தரைமட்டம். உன் முழங்காலை நினைத்துத்தான் பார்த்து எடுத்தேன். தெற்குப் பக்கம் ஜன்னல், அதன் கீழ் மேசை போட்டாகிவிட்டது. பெரிலிடமும் சொல்லிவிட்டேன், அம்மா வரப்போகிறாள் என்று. ஆகஸ்ட் முதல் வாரம் டாலியின் வேனை எடுத்துக்கொண்டு உன் சாமான்களை ஏற்ற வருகிறேன். தயாராக இரு.

உன்
ஆமோஸ்

*

லான்வெர்ன்
27 ஜூலை 1975

ஆமோஸ்,

வேனை அனுப்பாதே.

அட்டையைப் பெரில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தேன். உன் பெயரைக் கீழே போட்டிருக்கிறாய். போடுவாய் என்று நான் நினைக்கவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன், நான் நன்றி கெட்டவள் என்று நினைக்காதே.

ஆனால் உன் கடிதத்தை எடுத்து ஒரு தடவை நீயே படித்துப் பார். வீடு பார்த்தாய், எடுத்தாய், மேசை போட்டாய், மகளிடம் சொன்னாய், வேன் பிடித்தாய். டாலிக்குக்கூடத் தெரியும் நான் வரப்போகிறேன் என்று. எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. அன்றைக்கு என்னைக் கேட்காமல் ஒரு வீட்டை வேண்டாம் என்றாய். இன்றைக்கு என்னைக் கேட்காமல் ஒரு வீட்டை எடுத்திருக்கிறாய். இதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒல்வென்னிடம் படித்துக் காட்டினேன். "அந்த மனுசன் மாறிட்டாருடி, ஆனா கொஞ்சம்தான்" என்றாள்.

அந்த வீட்டில் நீ இரு. நன்றாக இரு. கோபுரத்து ஈரச் சுவருக்குள் கிடக்கிற வயசு உனக்கு இல்லை. ஆனால் அதை எனக்காக எடுத்ததாக ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே.

நெஸ்டா

*

சர்ச் தெரு, எல்மர்டன்
10 ஆகஸ்ட் 1975

நெஸ்டா,

வேன் வேண்டாம் என்று டாலியிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். "அவளைக் கேட்கல" என்றேன். "மறுபடியுமா?" என்றான்.

இதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கடிதம் சின்னதுதான்.

சர்ச் தெரு வீட்டுக்கு வந்து என்னோடு இருக்க உனக்குச் சம்மதமா?

நீ எந்தப் பதில் சொன்னாலும் நான் இங்கேதான் இருப்பேன், மியூசியத்துக்கும் போவேன், அட்டையும் இருக்கும். யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

ஆமோஸ்

*

லான்வெர்ன்
17 ஆகஸ்ட் 1975

அன்புள்ள ஆமோஸ்,

இல்லை.

பள்ளிக்கூடம் திறந்தால் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு நான்தான் போடவேண்டும். ஒல்வென்னுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. எனக்கும் இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ கேட்டாய்.

நீ கேட்டு நான் பதில் சொல்வது, கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தபால் பெட்டி வரைக்கும் போய் இந்த உறையை இரண்டு தடவை திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், இதை எழுதத்தான் மறுபடி பிரித்தேன். இல்லை என்று சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

செப்டம்பரிலும் கேள். அப்போது என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

நெஸ்டா